விறைக்காத கைக்குட்டை

இடது பக்கம் நின்றிருந்த எருமையை நான் பார்க்கவில்லை. அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை விட்டு எங்கள் தெருவுக்குள் மொபெட்டைத் திருப்பியபோது நேராக அதன் விலாவில் போய் மோதினேன். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. எருமைக்காரர் கோபப்படவில்லை. "பட்டப்பகல்ல இம்மாம் பெரிய உருப்படி தெரியலீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் நான் ஒரு நாளிதழின் மாவட்டச் செய்தியாளன். யாராவது ஒரு கேள்வி கேட்டால் அதற்குப் பதில் கிடைக்கும்வரை மனம் அமைதியாகாது. வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். என் மனைவி லூர்துவிடம் ஒரு கரண்டியைக் கொடுத்து, என் காதுப் பக்கத்திலிருந்து மெதுவாக முன்னால் கொண்டுவரச் சொன்னேன்.

"எருமை மேல முட்டுனா கரண்டியை எதுக்குங்க சுத்தணும்?" என்றாள். ஆனாலும் சுற்றினாள். இடதில் ஏறக்குறைய மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் கரண்டி தெரிந்தது. வலதிலும் அப்படியே. ஜட்கா வண்டிக் குதிரைக்குக் கண்ணின் இரு ஓரத்திலும் தோல் மறைப்பு கட்டியிருப்பார்களே, அப்படி ஒரு மறைப்போடு எத்தனை நாளாக நடந்துகொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. கூட்டங்களில் பக்கத்தில் வந்து நின்றவர்களைக் கவனிக்காமல், தலைக்கனம் பிடித்தவன் என்று பெயர் வாங்கியதற்கும் அன்றுதான் காரணம் தெரிந்தது.

தருமபுரியில் கண் மருத்துவர் நெடுநேரம் பரிசோதித்துவிட்டு, கண்ணில் கோளாறு எதுவும் இல்லை, கோளாறு கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது என்றார். பெங்களூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் தலையை ஒரு வளையத்துக்குள் நுழைத்துப் படம் எடுத்தார்கள். தலையைக் காய் நறுக்குவதுபோல் தட்டுத் தட்டாகக் காட்டும் ஸ்கேன் படம். அதை வெளிச்சப் பலகையில் மாட்டி, டாக்டர் பென்சில் முனையால் ஓர் இடத்தைத் தொட்டார்.

அவர் கோலார்ப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், இடையிடையே கன்னடம் கலந்து. அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட வரையில் எழுதுகிறேன். இதைப் படிக்கும் யாருக்காவது நாளைக்கு இதே படத்தை வைத்துக்கொண்டு நிற்க நேர்ந்தால் உதவும்.

மண்டையோட்டின் அடித்தளத்தில், இரண்டு கண்களுக்கும் பின்னால், மூக்கின் உட்கோடிக்கு மேலே ஒரு சின்னக் குழி இருக்கிறது. அதில் கடலைப்பருப்பு அளவில் ஒரு சுரப்பி. பிட்யூட்டரி என்று பெயர். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் அதற்கு நேர் மேலே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. அந்தச் சுரப்பியில் ஒரு கட்டி வளர்ந்து, கீழிருந்து நரம்பை அழுத்துகிறது. அதனால்தான் ஓரப் பார்வை போய்விட்டது. புற்று அல்ல. ஆனால் விட்டுவிட்டால் நடுப் பார்வையும் போகும்.

"மண்டையைத் திறக்க மாட்டோம். மேலுதட்டுக்கு உள்ளே கீறி, மூக்கு வழியா போவோம். கீழ்வீட்டிலிருந்து மாடி வீட்டுத் தரையை இடிச்சு உள்ளே போற மாதிரி" என்றார் டாக்டர்.

"இடிச்ச தரையை?" என்று லூர்து கேட்டாள்.

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "அதுதான் கேக்க வேண்டிய கேள்விம்மா" என்றார்.

அதன் பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். மூளை ஒரு தெளிந்த நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. அந்த நீர் நாள் முழுக்க ஊறுகிறது, வடிகிறது. அதைச் சுற்றி ஓர் உறை. கட்டியை எடுக்கும்போது அந்த உறையில் ஓட்டை விழலாம். விழுந்தால் மூளைத் தண்ணீர் மூக்கு வழியாக ஒழுகும்.

"உங்க ஊர்ல ஏரி இருக்கில்ல? கரையில நண்டு வளை போட்டா என்ன ஆகும்?"

கரை உடைந்த செய்திகளை நான் பலமுறை எழுதியிருக்கிறேன். முதலில் ஈரம், பிறகு கசிவு, பிறகு வாய் அகன்றுவிடும்.

"அதே கதைதான். ஆனா இங்கே ஒரு வித்தியாசம். தண்ணி வெளியே வர்றது பெரிய ஆபத்து இல்லே. தண்ணி வர்ற அதே வழியில மூக்கிலிருந்து கிருமி மேலே ஏறிப் போகும். மூளை உறையில காய்ச்சல் வந்தா, காப்பாத்தறது கஷ்டம்."

நண்டு வளையைக் களிமண் வைத்து அடைப்பதுபோல, என் தொடையிலிருந்து கொஞ்சம் கொழுப்பை எடுத்து அந்தக் குழியில் அடைப்பார்கள். கீழே மூக்குத் தண்டிலிருந்து எடுத்த சின்ன எலும்புத் துண்டால் முட்டுக் கொடுப்பார்கள். அது ஒட்டிப் பிடிக்கும்வரை உள்ளே அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அறுவை சிகிச்சை பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கண் விழித்தபோது மூக்கின் இரு துளைகளிலும் துணித் திரி அடைத்திருந்தது. வாயால் மூச்சு விட்டதில் நாக்கு அட்டையாகக் காய்ந்து போயிருந்தது. கால்மாட்டில் லூர்து நின்றிருந்தாள். அவளுக்கு இடப்புறம் சன்னல், வலப்புறம் தண்ணீர்க் கூஜா வைத்த மேசை. இரண்டும் ஒரே பார்வையில் தெரிந்தன. இதைச் சொல்ல வாய் திறந்தேன், குரல் வரவில்லை. கையை இரண்டு பக்கமும் விரித்துக் காட்டினேன். அவள் புரிந்துகொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு 'கூடாது'களின் காலம். வார்டுப் பொறுப்பு சுமித்ரா சிஸ்டரிடம். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் பாதி அவர் வாயிலிருந்து வந்தது. சீனபேடி, தும்மாதே. பக்கபேடி, குனியாதே. ஏளபேடி, எழுந்திருக்காதே. மூக்குச் சிந்தக் கூடாது. உறிஞ்சக் கூடாது. தும்மல் வந்தே தீரும் என்றால் வாயை அகலத் திறந்து தும்ம வேண்டும். அப்போது அழுத்தம் மூக்குக்குப் போகாது. மலம் கழிக்கும்போது முக்கக் கூடாது. அதற்குத் தினமும் ஒரு மருந்து. இருமலை அடக்க இன்னொரு மருந்து. தலைமாடு எப்போதும் கொஞ்சம் உயர்ந்தே இருக்கும்.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் முதல் எதிரி என் மாமனார் சின்னப்பன். பென்னாகரம் பக்கம் மானாவாரி நிலமும் சில புளிய மரங்களும் வைத்திருக்கும் மனிதர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார், நாள் தவறாமல் மூக்குப்பொடி போடுவார். அவர் வார்டுக்குள் நுழைந்தாலே பக்கத்துப் படுக்கைக்காரர் தும்மினார். சுமித்ரா சிஸ்டர் மோப்பம் பிடித்து, அவருடைய வேட்டி மடிப்பைச் சுட்டிக்காட்டினார்.

"ஏன் தாத்தா, மருமகன் உயிரோட இருக்கணுமா, பொடி வேணுமா?"

மாமனார் டப்பாவை வெளியே எடுத்தார். சிறிய தகர டப்பா, மூடி தேய்ந்து பளபளத்தது. கீழே போய் கரீம் பாயிடம் கொடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"மாப்ள மூக்கு ஆறுற வரைக்கும் என் மூக்குக்கும் லீவு விட்டுட்டேன்" என்றார்.

கரீம் பாய் என் நண்பர். எங்கள் ஊரில் நெடுஞ்சாலை ஓரம் லாரி டயர் கடை வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு பழைய அம்பாசடர் கார் உண்டு. எங்களைக் கொண்டுவந்து விட்டதும், மாமனாரை அழைத்து வந்ததும், பொடி டப்பாவை வண்டியின் முன்பெட்டியில் பூட்டி வைத்ததும் அவர்தான். செலவைப் பற்றி நான் கவலைப்பட்டபோதெல்லாம் மாமனார், "புளி நல்ல வெலைக்குப் போச்சு மாப்ள" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த ஆண்டு புளி விலையைச் செய்தியாக எழுதியவன் நான். அவர் சொன்ன அளவுக்கு நல்ல விலை இல்லை.

திரியை எடுத்தார்கள். மூக்கு ஒழுகவில்லை. இன்னும் சில நாள் பார்த்துவிட்டு, சட்டங்களை மறுபடி ஒப்பித்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது சுமித்ரா சிஸ்டர் லூர்துவைத் தனியே அழைத்துப் போய் ஏதோ சொன்னார். சமையல் பத்தியமாக இருக்கும் என்று நினைத்தேன்.

வீடு எங்களை எதிர்பார்த்துத் தயாராக இருந்தது. எங்கள் கழிப்பறையில் குந்தித்தான் உட்கார வேண்டும். குந்தினால் முக்க வேண்டும். அதனால் மாமனார் ஒரு மர நாற்காலியின் நடுவில் ஓட்டை அறுத்து, விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். லூர்து தாளிப்பதை வீட்டுக்கு வெளியே மாற்றினாள். மிளகாய் கருகும் வாசனை எனக்கு வரக்கூடாது என்பதால் மரத்தடியில் தனி அடுப்பு. மொபெட்டை உதைத்துக் கிளப்பக் கூடாது என்று கரீம் பாய் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லா வாசலையும் அடைத்துவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

சனிக்கிழமை வந்தது.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனுக்கு மருந்துச் சூடு ஏறியிருக்கும், அதை இறக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மருந்துச் சூடு இறங்க எண்ணெய்க் குளியல். மாமனார் நல்லெண்ணெயில் சீரகமும் பூண்டும் போட்டுக் காய்ச்சினார். டாக்டர் குளிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. குனியக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார். குனிவது என்றால் கீழே கிடப்பதை எடுப்பது, குடத்தைத் தூக்குவது என்று நாங்கள் புரிந்துவைத்திருந்தோம். குளிக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, தலையைத் தொங்கப் போட்டு, மாமனார் சீயக்காய் தேய்த்து வெந்நீர் ஊற்ற ஊற்றக் காட்டிக்கொண்டிருப்பது குனிவதில் சேரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சீயக்காய் நெடியில் ஒரு தும்மல் வந்தது. அதை மட்டும் கவனமாக வாயைத் திறந்து தும்மினேன்.

மறுநாள் காலை மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மார்கழி மாதம். அதியமான்கோட்டை முழுக்க மூக்கொழுகிக்கொண்டிருந்தது. லூர்துவுக்கு ஏற்கெனவே சளி. என் பக்கத்தில் வராமல், முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டுதான் அறைக்குள் வந்து போனாள்.

"என் சளி உங்களுக்கு ஒட்டிக்கிச்சுங்க" என்றாள் குற்ற உணர்வோடு.

"சளியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் மாமனார். "இத்தன நாள் கழிச்சுத் தலைக்கு ஊத்துனோமில்ல? தலையில நீர் கோத்துக்கிச்சு. அது எறங்குது. எறங்கட்டும். நொச்சித்தழை போட்டு ரெண்டு தடவ ஆவி புடிச்சா, மஞ்சக் கொம்பு சுட்டுப் பொகை புடிச்சா, கிளீனாயிடும்."

இதில் குறை காண எதுவும் இல்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம், மூக்கு வழியாகத் தண்ணீர் வருகிறது. காரணமும் விளைவும் அடுத்தடுத்து நிற்கின்றன. இதைவிடப் பலவீனமான தொடர்பை வைத்துக்கூட நான் செய்தி எழுதியிருக்கிறேன்.

நொச்சி கொதித்த அண்டாவை நாற்காலிக்கு முன்னால் வைத்தார்கள். கம்பளியைப் போர்த்தினார்கள். உள்ளே இருட்டு, கசப்பான வாசனை, முகத்தில் வேர்வை. அண்டாவை நோக்கி முகத்தைக் கவிழ்த்தேன். உடனே இடது நாசியிலிருந்து தண்ணீர் விழத் தொடங்கியது. ஒழுகல் இல்லை. சரியாக மூடாத குழாயிலிருந்து விழுவதுபோல் துளித்துளியாக, ஒரே சீராக. தலையை நிமிர்த்தினேன், நின்றது. கவிழ்த்தேன், சொட்டியது. வலது நாசியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. தொண்டையில் லேசாக உப்புக் கரித்தது.

சளி என்றால் ஒரு பக்கம் மட்டும் ஏன் வரவேண்டும்? தலையைச் சாய்த்தால் திறந்து, நிமிர்த்தினால் மூடும் சளி உண்டா?

"என்னாங்க, உள்ளாரயே தூங்கிட்டீங்களா?" என்று லூர்து கம்பளியைத் தூக்கினாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நான் கண்டதைச் சொன்னேன். வாசலில் மாமனார் மஞ்சள் கொம்பை விளக்கில் சுட்டுக்கொண்டிருந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறினால் தும்மல் நிச்சயம்.

"அப்பா, அதை அணைங்க" என்றாள் லூர்து. பிறகு என்னிடம், "உங்க கைக்குட்டையைக் குடுங்க. காலையில தொடச்சீங்களே, அது."

அப்போதுதான் சிஸ்டர் அவளிடம் தனியாகச் சொன்னது என்ன என்று தெரிந்தது. சளி துடைத்த துணி காய்ந்தால், கஞ்சி போட்டதுபோல் விறைக்கும். மூளைத் தண்ணீர் துடைத்த துணி காய்ந்தால், வெறும் தண்ணீரில் நனைத்த துணியாகவே இருக்கும். விறைக்கவில்லை என்றால் அன்றைக்கே கிளம்பி வந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். சளி பிடிக்கும் வீட்டில் இதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று அவள் மனதுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

ஒப்பிட ஒரு நிஜச் சளி வேண்டும். மாமனார் தன் துண்டை நீட்டினார். பழைய பொடி படிந்து அது தானாகவே பலகை மாதிரி இருந்தது.

"உங்களது சாட்சிக்கு ஆகாதுப்பா" என்று லூர்து தன் கைக்குட்டையையே எடுத்தாள். இரண்டையும் கொடியில் பக்கத்துப் பக்கத்தில் வெயிலில் போட்டாள். நான் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து படுத்து, கதவு வழியாக அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்தல் முடிவுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

காய்ந்ததும் இரண்டையும் என் கையில் கொடுத்தாள். அவளுடையதை மடித்தால் அப்பளம்போல் மடிந்த இடத்தில் நின்றது. என்னுடையது பஞ்சுபோல் குழைந்து விழுந்தது.

மாமனார் என்னுடையதை வாங்கி, விரலுக்கிடையில் தேய்த்து, முகர்ந்து பார்த்து, திருப்பிக் கொடுத்தார். "நாந்தான மாப்ள தண்ணி ஊத்துனேன்" என்றார்.

"நான்தானே மாமா தலையைக் காட்டினேன்" என்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

லூர்து கரீம் பாய் கடைக்கு ஓடினாள். அங்கே தொலைபேசி இருக்கிறது. பெங்களூருக்கு ட்ரங்க் கால் பதிவு செய்து, கிடைக்கும்வரை டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவளிடம் கேட்டது இரண்டே கேள்வி: காய்ச்சல் இருக்கிறதா, கழுத்தை வளைத்துக் குனிய முடிகிறதா? காய்ச்சல் இல்லை என்றாள். குனியவிட்டுப் பார்க்கவில்லை, குனிந்ததால்தான் இது வந்தது என்றாள். டாக்டர் சிரித்துவிட்டாராம். "சரி, பார்க்க வேண்டாம். தலையை உயர்த்தி வச்சு, குலுங்காம கொண்டு வாங்க. இன்னைக்கே."

குலுங்காமல் என்ற சொல்லுக்கும் கரீம் பாயின் அம்பாசடருக்கும் அதுவரை சம்பந்தம் இருந்ததில்லை. அன்று அவர் டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். பின்சீட்டில் நெல் உமி மூட்டை ஒன்றைப் போட்டு, அதன்மேல் மெத்தை விரித்து, என்னைச் சாய்த்து உட்கார வைத்தார். லூர்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள். மாமனார் முன்சீட்டில்.

"பாய், கொஞ்சம் வெரசா..." என்று மாமனார் தொடங்கினார்.

"பெருசு, நான் ஓட்டறதா நீ ஓட்டறயா? நானே முட்டை லாரி டிரைவர் மாதிரி போயிட்டிருக்கேன்" என்றார் பாய். கிருஷ்ணகிரி தாண்டும்வரை எங்களை எல்லா லாரிகளும் முந்திக்கொண்டு போயின. சாலையோர ஓட்டல் ஒன்றில் மிளகாய் வறுபடும் நெடி காற்றில் வந்ததும், யாரும் சொல்லாமலேயே நாலு கண்ணாடிகளும் ஏறின. ஓசூரில் வண்டியை நிறுத்தி, பாய் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். "இதுவும் ஒழுகுது ரிப்போட்டர் சார். ஒங்களோட சேர்த்து இதையும் டாக்டர்கிட்ட காட்டிருவோமா?" என்றார். சிரிக்கவும் கூடாது என்று லூர்து என் வாயை மூடினாள்.

மருத்துவமனையில் என்னை உட்கார வைத்து, முன்னால் சாய்த்து, சொட்டியதை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்தார்கள். அந்த நீரில் சர்க்கரை இருக்கிறதா என்று சோதித்தார்கள். மூளைத் தண்ணீரில் சர்க்கரை உண்டு, சளியில் பேருக்குத்தான். இருந்தது. டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஊற்று நீர் போலத் தெளிவாக இருந்தது.

"நண்டு வளை" என்றார். "சின்னதுதான். மறுபடி மூக்கைத் திறக்கறதுக்கு முன்னே ஒண்ணு செஞ்சு பாக்கலாம். ஏரிக்கரை கசிஞ்சா ஊர்ல முதல்ல என்ன செய்வாங்க?"

"மதகைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைப்பாங்க" என்றேன்.

அதையே செய்தார்கள். முதுகின் அடியில், முதுகெலும்புகளுக்கு இடையே ஊசி குத்தி, ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டார்கள். மூளையைச் சுற்றும் அதே நீர்தான் முதுகுத்தண்டையும் சுற்றி நிற்கிறது. அந்தக் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பாட்டிலில் வடியும். உள்ளே அழுத்தம் குறைந்தால் மேலே ஓட்டையின் வழியாக வருவது நிற்கும். நின்றால் அது தானே மூடிக்கொள்ள வாய்ப்புண்டு. மூடவில்லை என்றால் மறுபடி அறுவை. இடையில் கிருமி ஏறிவிட்டால், அறுவை செய்ய ஆள் இருப்பேனா என்பதே கேள்வி. இதை டாக்டர் மழுப்பாமல் சொன்னார். மழுப்பாதது எனக்குப் பிடித்திருந்தது.

பாட்டிலின் உயரம்தான் எல்லாம். அது என் காது மட்டத்துக்கு எவ்வளவு மேலே நிற்க வேண்டும் என்று கம்பியில் பிளாஸ்திரி ஒட்டி அடையாளம் வைத்திருந்தார்கள். பாட்டில் இறங்கினாலும், நான் எழுந்தாலும், நீர் மளமளவென்று வடிந்துவிடும். தலை பிளந்துபோகும் வலி வரும். அதைவிட மோசமானதும் வரலாம். ஆகவே நான் அசையாத ஒரு பொருளானேன். ஊசி மேல் ஊசி. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயை வாயிலிருந்து எடுத்ததும் லூர்து முதலில் சிஸ்டரின் முகத்தைப் பார்ப்பாள், பிறகுதான் பாதரசத்தை. பயம் எனக்கு இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோரும் போய்விட்ட வேளையில் வரும். மற்ற நேரங்களில் அதற்கு இடம் கொடுக்க மாமனார் விடவில்லை.

முதல் நாள் அவர் வந்தபோது பாட்டிலைப் பார்த்தார். பாதி நிரம்பியிருந்தது. மருமகன் எழ முடியாமல் கிடக்கிறான், சிறுநீர் பாட்டிலை ஊற்றிக் கொண்டுவர யாரும் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. சத்தமில்லாமல் குனிந்து கொக்கியிலிருந்து அதைக் கழற்றப் போனார்.

"முட்டபேடி!" வார்டின் மறுகோடியிலிருந்து சுமித்ரா சிஸ்டர் கத்தினார். தொடாதே என்று அர்த்தம். மாமனாருக்குக் கன்னடம் புரியும். மாரண்டஹள்ளிச் சந்தையில் பாதி வியாபாரம் அதில்தான். கை அப்படியே நின்றது.

"அது ஒண்ணுக்கு இல்ல தாத்தா. உங்க மருமகன் மூளைத் தண்ணி."

மாமனார் இரண்டடி பின்வாங்கிச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு வெகுநேரம் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னா மாப்ள, இவ்ளோ தெளிவா இருக்குது" என்றார். "பத்திரிகைக்காரங்க மூளை கலங்கலா இருக்குமின்னு இல்ல நெனச்சேன்."

அன்றிலிருந்து அவர் அந்தப் பாட்டிலுக்குக் காவல்காரர். பார்வையாளர் நேரம் முழுக்க அதற்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவார். பெருக்க வந்த அம்மாவை, பக்கத்துப் படுக்கைக்கு வந்த உறவினர்களை, ஒருமுறை பயிற்சி டாக்டர் ஒருவரைக்கூட, "முட்டபேடி" என்று தடுத்தார். பயிற்சி டாக்டர் புகார் செய்யப் போனபோது, சுமித்ரா சிஸ்டர் மாமனார் பக்கம் பேசினார்.

சில நாள் கழித்துக் குழாயை மூடி வைத்தார்கள். ஒரு நாள் முழுக்க மூடியே இருந்தது. ஏரி மறுபடி நிரம்பட்டும், கரை தாங்குகிறதா பார்ப்போம் என்றார் டாக்டர். அடுத்த நாள் என்னைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, மடியில் ஒரு மைஒற்றும் தாளை விரித்து, தலையைக் குனியச் சொன்னார். இத்தனை நாள் எல்லோரும் எது கூடாது என்றார்களோ, அதையே செய்யச் சொன்னார்.

குனிந்தேன். இளஞ்சிவப்புத் தாள். அதன் நடுவில் என் மூக்கின் நிழல். லூர்துவின் கை என் தோளில் இருந்தது, அது அசையவில்லை. மாமனார் முக்காலியில் இருந்து எழுந்துவிட்டார்.

தாளில் ஒரு துளி விழுந்தது.

லூர்துவின் விரல்கள் தோளில் இறுகின. டாக்டர் கீழே குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"இது கண்ணுலேருந்து. கணக்குல வராது" என்றார்.

கண் சிமிட்டாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் நீர் கட்டும். அதுதான் காரணம் என்று நான் இன்றுவரை சொல்லி வருகிறேன். இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன். வேறு துளி விழவில்லை. குழாயை எடுத்தார்கள்.

இந்த முறை வீட்டுக்குத் திரும்பியபோது, குனிவது என்றால் என்ன என்பதற்கு மாமனார் ஒரு புது விளக்கமே வைத்திருந்தார். சாப்பிடும்போது தட்டைக் கையில் தூக்கிக் கொடுத்தார். செபத்துக்கு மண்டியிட விடவில்லை; "நின்னுகிட்டே சொன்னாலும் அவருக்குக் கேக்கும்" என்றார். தலைக்குத் தண்ணீர் ஊற்றியது டாக்டர் சம்மதித்த பிறகுதான், அதுவும் சலூன் கடைபோல் என்னை மல்லாக்கச் சாய்த்து. எண்ணெய் கிடையாது, சீயக்காய் கிடையாது. மருந்துச் சூடு உடம்பிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

கோடை போயிற்று. மறுபடி செய்தி எழுதத் தொடங்கினேன். சாவியைக் கரீம் பாய் திருப்பிக் கொடுத்தார். மொபெட்டில் போகும்போது இரு பக்கத்து வயல்களும் தெரிந்தன. ஒருநாள் அந்த எருமையையும் பார்த்தேன், தூரத்திலேயே.

ஐப்பசி மழையில் நனைந்து வந்த ஒரு மாலை, தொண்டை கரகரத்தது. மறுநாள் காலை சாப்பாட்டின்போது தும்மல் வந்தது. வாயை அகலத் திறந்து தும்மினேன். லூர்துவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் தட்டை ஓரமாக வைத்தார். மூக்கிலிருந்து நீர் வந்தது.

லூர்து கையை நீட்டினாள். கைக்குட்டையைக் கொடுத்தேன். அவள் அதைக் கொண்டுபோய்க் கொடியில் போட்டாள். மழை விட்டு வெயில் வந்திருந்தது. மாமனார் கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார், அன்று பாட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது போலவே. அந்தப் பக்கமாக வந்த கரீம் பாய், என்ன என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் கடைக்குப் போகாமல் அங்கேயே நின்றார்.

காய்ந்ததும் மாமனார்தான் எடுத்தார். ஒரு முனையைப் பிடித்து நீட்டினார். கைக்குட்டை தொங்கவில்லை. கீழே வளையாமல், படுக்கை வசமாக, ஓலை போல நீட்டிக்கொண்டு நின்றது.

"லூர்து!" என்று கத்தினார். "மாப்ளைக்குச் சளிடீ!"

அவள் அடுப்படியிலிருந்து ஓடி வந்து அதைத் தட்டிப் பார்த்தாள். டக் என்று சத்தம் வந்தது. பாய் தன் பங்குக்கு ஒருமுறை தட்டினார். சளி பிடித்ததற்காக அந்தத் தெருவில் அதற்கு முன் யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

மாமனார் கரீம் பாயிடம் கையை நீட்டினார். பாய் காருக்குப் போய், முன்பெட்டியைத் திறந்து, தகர டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். மாமனார் மூடியைத் தட்டித் திறந்தார், ஒரு சிட்டிகை எடுத்தார், என்னைப் பார்த்தார், பிறகு தெருமுனை வரை நடந்து போய், எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு போட்டார். அங்கிருந்து வந்த தும்மல் இங்கே கேட்டது.

லூர்து எனக்கு மிளகு ரசம் வைக்கப் போனாள். தாளிப்பை வீட்டுக்குள்ளேயே செய்தாள்.